வாசலில் நின்ற கையில்லாத ரவிக்கை

மைக்கை என் கையில் கொடுக்கும்போது உங்கள் சூப்பர்வைசர் காதோரம் ஒன்று சொன்னார். "அக்கா, பயமுறுத்திடாதீங்க. போன தடவை நீங்க பேசினதுக்கு அப்புறம் ரெண்டு பேர் வேலையே வேணாம்னு போயிட்டாங்க." ஆகவே இன்று திருடனைப் பற்றியும் தீயைப் பற்றியும் பேசப் போவதில்லை. உடுப்பைப் பற்றிப் பேசப் போகிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் வாசலில் காவலுக்கு நிற்கும் இந்த ஜாகா வேலை பார்த்த காலமெல்லாம் திருடனை நேருக்கு நேர் பார்த்தது அபூர்வம். அரைக்கால் சட்டையை நாள் தவறாமல் பார்த்தேன். திருடன் என்னோடு ஒருநாளும் வாக்குவாதம் பண்ணியதில்லை. அரைக்கால் சட்டை பண்ணியது.

என்னைத் தெரியாதவர்களுக்காக: என் பெயர் மல்லிகா. செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டிய பிறகு புந்தோங்குக்கு வந்தோம். பல வேலை பார்த்துவிட்டுக் கடைசியில் இந்த நீலச் சட்டைக்குள் நுழைந்தேன். கம்பெனி என்னை அனுப்பிய இடம் ஓர் அரசாங்க அலுவலகம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே போனால் எனக்கு இன்னும் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை பிறந்தால், வீட்டில் யாராவது இறந்தால், கல்யாணம் கட்டினால், ஐ.சி. என்கிற அடையாள அட்டை தொலைந்தால் எல்லாரும் அங்கேதான் வர வேண்டும். பிடிக்கவில்லை, வேறு கடைக்குப் போகிறேன் என்று யாரும் சொல்ல முடியாத இடம். அந்த மாதிரி இடத்தின் வாசலில் நிற்பது சாதாரண வேலை இல்லை.

கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை வைத்திருந்தார்கள். அதில் தலையில்லாத ஓர் ஆண், தலையில்லாத ஒரு பெண். கழுத்துக்குக் கீழே உடுப்பு மட்டும். அரைக்கால் சட்டை, கையில்லாத மேல்சட்டை, முட்டிக்கு மேலே ஏறிய பாவாடை, ஜப்பான் சிலிப்பர், எல்லாவற்றின் மேலும் சிவப்புக் கோடு. படத்தில் இருந்தவர்களுக்குத் தலை இல்லாததால் அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், என்ன அவசரத்தில் வருகிறார்கள் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. என்னிடம் வந்தவர்களுக்குத் தலை இருந்தது. வாயும் இருந்தது.

முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். வங்கியில் வேலை பார்க்கிற ஒரு பெண் பாவாடை போட்டு வந்தாள். நின்றபடி பார்த்தேன், பாவாடை முட்டியை மூடியிருந்தது. உள்ளே விட்டேன். அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பாவாடை ஏறிவிட்டது. அந்த வழியாகப் போன ஓர் அதிகாரி பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்து, பலகையைப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், ஆனால் பலகையில் இருக்கிற பெண் நின்றுகொண்டுதானே இருக்கிறாள்?

என்னோடு வாசலில் நின்ற கூட்டாளி பாக் டின். பழைய பட்டாளத்துக்காரர், மலாய்க்காரர். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் தமிழ் என்னைவிட நன்றாகப் பேசுவார். அவர் மீசையைத் தடவி யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார்.

"சுலபம்லா மல்லிகா. உள்ள விடு. உட்கார வேணாம்னு சொல்லிடு."

அதையும் செய்தோம். அந்தப் பெண் நல்லவள், எழுந்து நின்றுவிட்டாள். ஆனால் ஹாலில் இருந்த பெரியவர் ஒருவர், பாவம் பெண் பிள்ளை நிற்கிறதே என்று எழுந்து இடம் கொடுத்தார். அவள் வேண்டாம் என்றாள். அவர் விடவில்லை. "எனக்கு உட்கார அனுமதி இல்லை அங்கிள்" என்று அவள் சொன்னதும் அவர் என்ன நினைத்தாரோ, தன் இடத்தையும் விட்டுவிட்டுச் சுவரோரம் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

பிறகு அலுவலகத்தில் ஒரு பெட்டி நிறைய ஆரஞ்சுக் கலர் சாரோங், நம்ம கைலிதான், கொடுத்தார்கள். அரைக்கால் சட்டையில் வருகிறவர்களுக்கு ஒன்றைக் கொடுத்து, கட்டிக்கொண்டு உள்ளே போகச் சொல்ல வேண்டும். இதில் ஒரு கூத்து உண்டு. பலகைப்படி, வீட்டிலிருந்தே சாரோங் கட்டிக்கொண்டு வந்தால் உள்ளே விடக் கூடாது. அது வீட்டு உடுப்பு. அரைக்கால் சட்டையில் வந்தால் சாரோங் கொடுத்து உள்ளே விடலாம். ஒரு தடவை சாரோங்கோடு வந்த ஓர் ஆளைப் பாக் டின் திருப்பி அனுப்பினார். அவர் போய் அரைக்கால் சட்டையில் வந்தார். சாரோங் கொடுத்தோம். அதைக் கையில் வாங்கிக்கொண்டு எங்கள் இருவரையும் அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் இன்னும் யாருக்கும் விளக்க முடியவில்லை.

அங்கிள் லியோங் என்று ஒருவர். பாசாரில் மீன் விற்றவர். ஐ.சி. தொலைந்து வந்தார், அரைக்கால் சட்டையில். ஆயுசு முழுக்க மீன் தண்ணீரில் நின்ற கால், அதற்கு முழுக்கால் சிலுவார் போட்டுப் பழக்கமில்லை என்று மலாயில் ஒரு பெரிய பிரசங்கம் செய்தார். கெஞ்சிக் கூத்தாடி சாரோங்கைக் கட்டவைத்தேன். குளித்துவிட்டு வந்து துண்டைச் சொருகுவதுபோலச் சொருகிக்கொண்டார். நம்பரைக் கூப்பிட்டதும் கவுண்டருக்குப் போனார். கைரேகை வைக்கக் கையை நீட்டினார். சாரோங் தரைக்குப் போய்விட்டது.

ஹாலில் ஒரே அலறல். ஓர் அம்மா பக்கத்தில் இருந்த பிள்ளையின் கண்ணைப் பொத்தினார். இன்னொருவர் கர்ச்சீப்பால் தன் கண்ணையே பொத்திக்கொண்டார். கவுண்டரில் எழுதிக்கொண்டிருந்த கிராணி எழுந்து பின்னால் ஓடினார். இத்தனைக்கும் சாரோங்குக்கு உள்ளே இருந்தது என்ன? அவர் வரும்போது போட்டிருந்த அதே அரைக்கால் சட்டை. அவர் அப்படியே உள்ளே போயிருந்தால் ஒருவரும் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கியிருக்க மாட்டார்கள். நாங்கள் மூடிவிட்டதால்தான் அது அவிழ்ந்தது, அவிழ்ந்ததால்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

அப்படியானால் விதியே வேண்டாமா அக்கா என்று அந்த மூலையில் ஒரு தம்பி முணுமுணுக்கிறார். கேட்கிறது தம்பி. ஒருநாள் ஒருவர் இடுப்பில் துண்டோடு வந்தார். வெறும் துண்டு. வீட்டில் தண்ணீர் நின்றுவிட்டதாம், அப்படியே புறப்பட்டுவிட்டாராம். அவரை நான்தான் திருப்பி அனுப்பினேன், அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. வெறுங்காலுக்கும் வெற்றுடம்புக்கும் நடுவே எங்கேயோ ஒரு கோடு இருக்கத்தான் செய்கிறது. அது எங்கே என்று பலகைக்குத் தெரியாது. கோட்டின் மேல் நாம் நிற்கிறோம். வெயிலில்.

அங்கிள் லியோங் விவகாரத்துக்குப் பிறகுதான் புவனா மேடம் வந்தார். துணைத் தலைமை அதிகாரி. அந்த அலுவலகத்தில் அந்த நாற்காலிக்கு வந்த முதல் தமிழ்ப் பெண். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. காலையில் "வணக்கம் மேடம்" என்று சொல்ல ஆசையோடு நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தார். பிறகு சாரோங் பெட்டியைப் பார்த்தார்.

"இது இனி வேணாம்க்கா. சரியா உடுத்தாதவங்க வீட்டுக்குப் போய் மாத்திக்கிட்டு வரட்டும்."

"வீடு தூரமா இருக்கிறவங்க, மேடம்?"

"தூரமா இருந்தா முதல்லயே யோசிச்சு உடுத்தட்டும்."

கொடுமைக்காரி என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். ஒருநாள் மழைக்காக வாசலில் ஒதுங்கி நின்றபோது அவராகவே சொன்னார். "அக்கா, நான் ஒரு தமிழ் ஆளை விட்டேன்னு வெச்சுக்குங்க, தன் ஆளைப் பார்த்து விட்டுட்டான்னு சொல்வாங்க. ஒரு மலாய் ஆளை விட்டா, மேல இருக்கிறவங்களுக்குப் பயந்துட்டான்னு சொல்வாங்க. சீன ஆளை விட்டா என்ன வாங்கினான்னு கேப்பாங்க. எல்லாரையும் நிறுத்திட்டா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது." அவர் சொன்னதில் பொய் இல்லை.

சாரோங் பெட்டி போனதும் எதிர்க்கடைக்கு யோகம் அடித்தது. எதிரே பஷீர் நானாவின் சாப்பாட்டுக்கடை. எங்கள் வாசலில் ஆட்கள் திரும்புவதைப் பார்த்துப் பார்த்து, கடை முன்னால் ஒரு கயிறு கட்டி, சமையல்காரர்களின் பழைய சிலுவார்களையும் சட்டைகளையும் தொங்கவிட்டார். ஒரு தே தாரேக் டீ குடித்தால் ஒரு சிலுவார் இரவல். நன்றாகத்தான் ஓடியது. என்ன, பதினோரு மணி வாக்கில் எங்கள் ஹாலுக்குள் நுழைந்தால் மீன் கறி வாசம் தூக்கும். எங்கிருந்து வருகிறது என்று மேடம் ஒவ்வொரு அறையாகப் போய்த் தேடினார்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை உங்களுக்குத் தெரியும். தொழுகைக்காக மதியம் கவுண்டரை மூடிவிடுவார்கள், திறக்க வெகு நேரம் ஆகும். அதனால் காலையில் கூட்டம் நெரியும். அன்று காலை முதல் ஆளாக ஒரு சீனப் பெண் வந்தாள், பெயர் மெய் லிங். ஐ.சி. எடுக்க வந்திருந்தாள், கையில்லாத பனியன் சட்டையில். திருப்பினேன். எதிர்க்கடைக்குப் போய் நானாவின் கயிற்றில் தொங்கியவற்றை மூக்கை மூடிக்கொண்டு பார்த்தாள். அம்மாவுக்குப் போன் பண்ணி வேறு சட்டை கொண்டுவரச் சொல்லிவிட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். அவள் கண் என்னை விடவே இல்லை.

பத்தரை மணி தாண்டியிருக்கும், அலங்காரம் பண்ணின ஒரு கார் வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கினார். பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை. பெயர் குமரேசன், லாரி ஓட்டுகிறவர். பெண் இறங்கினாள். பெயர் கலைவாணி. மயில் கழுத்துக் கலர் சேலை, கட்டினவர் கையில் முத்தம் கொடுக்கலாம், அவ்வளவு நேர்த்தி. ரவிக்கைக்குக் கை இல்லை.

நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். எதிர்க்கடையில் மெய் லிங் எழுந்து நின்றுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மேடமும் வாசலுக்கு வந்துவிட்டார். வேட்டியைப் பார்த்தார். "பாரம்பரிய உடுப்பு. போகலாம்." பிறகு கலைவாணியின் தோளைப் பார்த்தார். "இது முடியாது."

"சேலையும் பாரம்பரியம்தானே மேடம்?" என்றாள் கலைவாணி.

"சேலை பாரம்பரியம். ரவிக்கைக்குக் கை இல்லையே."

குமரேசன் கும்பிடாத குறையாகச் சொன்னார். "மேடம், ஞாயித்துக்கிழமை கோயில்ல கல்யாணம். பதிவுப் பத்திரம் இல்லாம தாலி கட்ட விட மாட்டோம்னு கோயில்ல சொல்லிட்டாங்க. என் லாரி நேத்துதான் ஜொகூர்லேர்ந்து வந்துச்சு, அவளுக்கு ஃபேக்டரியில இன்னிக்குத்தான் லீவு கிடைச்சுது. இன்னிக்கு விட்டா எல்லாம் சுசாதான், கல்யாணமே நின்னுடும்."

நான் உடனே நடுவில் புகுந்தேன். "தங்கச்சி, முந்தானையை இப்படிச் சுத்தித் தோள் மேல போட்டுக்கம்மா. உள்ள போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்து எடுத்துடு." நான் நினைத்ததில் அதுதான் மிக எளிதான வழி. வாசலில் நிற்கிற யாரும் அதைத்தான் சொல்வார்கள்.

கலைவாணி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, களைப்புதான்.

"அக்கா, நான் கையுறை ஃபேக்டரியில வேலை செய்யிறேன். வெள்ளை உடுப்பு, தலைக்கு மூடி, வாய்க்கு மூடி, கைக்கு உறை, காலுக்கு உறை. கண்ணு மட்டும்தான் தெரியும். பக்கத்துல நிக்கிறவளுக்கே நான் யாருன்னு தெரியாது. வருஷம் பூரா அப்படித்தான் நிக்கிறேன். இந்த ரவிக்கையை நானே படம் வரைஞ்சு கொடுத்துத் தைச்சேன். இன்னிக்கு ஒரு நாள் என் தோளுக்குக் காத்துப் படட்டும்க்கா. மூட மாட்டேன்."

மேடம் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

பஷீர் நானா எதிர்க்கடையிலிருந்து ஓடிவந்தார், கையில் ஒரு மழைக்கோட்டு. "மகளே, புதுசும்மா, ஒரு தடவைதான் போட்டிருக்கேன், கறி வாசமே இருக்காது." கலைவாணி அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். மழைக்கோட்டை வாங்கவில்லை.

அப்போதுதான் குமரேசன் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்ன பண்றீங்க?" என்றார் மேடம்.

"பாரம்பரியம்தானே மேடம் விடுவீங்க? எங்க கோயில்ல சாமி கும்பிடப் போனா சட்டையக் கழட்டிட்டு, வேட்டி, மேல துண்டு. அதைவிடப் பழைய பாரம்பரியம் எதுவும் இல்ல. நான் அப்படியே வரேன். ஆம்பளைக்குத் தோள் தெரியலாம்னா பலகையில எங்க போட்டிருக்குன்னு காட்டுங்க."

"பொத்தானைப் போடுங்க!"

"அவளுக்கு இல்லாத சட்டை எனக்கு எதுக்கு?"

பாக் டின் பலகைக்கு முன்னால் போய், தலையில்லாத ஆணைக் கீழிருந்து மேலாக ஆராய்ந்தார். "மேடம், சட்டையில்லாத ஆம்பளைக்குப் படம் போடல" என்று மிகுந்த மரியாதையோடு அறிவித்தார். வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். மேடத்தின் முகம் சிவந்துவிட்டது. கலைவாணி முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குமரேசனின் பொத்தான்களைத் திரும்பப் போட்டுவிட்டாள். அந்தக் கல்யாணம் நிலைக்கும் என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

ஆனால் சிரிப்பு அடங்குவதற்குள் மெய் லிங் ரோட்டைத் தாண்டி வந்து என் முன்னால் நின்றாள். கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். மலாயில் கேட்டாள்: "அக்கா, அந்த மணப்பெண் உள்ளே போனால் நானும் போவேன். போகவிடாவிட்டால் இது இன்றே ஊர் முழுக்கப் போகும். ஏன் அவளுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம்?"

மேடம் பயந்தது இதற்குத்தான். மெய் லிங் கேட்டதும் சரி. கலைவாணி சொன்னதும் சரி. கவுண்டரை மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மேடம் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இப்ப நான் என்னக்கா செய்யணும்? சொல்லுங்க." அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

உங்களுக்கும் ஒருநாள் இப்படி வரும். அன்று யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல உட்காராதீர்கள். நமக்கு அதற்குச் சம்பளம் இல்லை. சுற்றிப் பாருங்கள். யார் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். நான் பார்த்தேன். பெண் வெளியே. மாப்பிள்ளை வெளியே. சாட்சிக்கு வந்த இரண்டு பேரும் வெளியே. கல்யாணத்தைப் பதிகிற அதிகாரி என்சிக் ரம்லி, நேரம் ஆகிறதே, ஜோடியைக் காணவில்லையே என்று தேடிக்கொண்டு வந்து, அவரும் வெளியே, மோட்டார் சைக்கிள்கள் நிறுத்துகிற கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். உள்ளே இருந்தது பதிவுப் புத்தகம் ஒன்றுதான்.

"மேடம், பலகை என்ன சொல்லுது?"

"இப்படி உடுத்தினவங்க உள்ளே வரக் கூடாதுன்னு."

"யாரும் உள்ளே வரலியே. புத்தகம் வெளியே வந்தா என்ன? புத்தகம் முழுசா அட்டை போட்டுத்தானே இருக்கு?"

மேடம் என்சிக் ரம்லியைப் பார்த்தார். அவர் மெதுவாகப் பேசுகிற மனிதர். எந்த அவசரத்திலும் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் பேசுவார். துடைத்தார். "கல்யாணம் நடக்கிறபோது கதவு திறந்திருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது" என்றார். "இங்கே கதவே இல்லை. இதைவிடத் திறந்து வைக்க முடியாது. கட்டடம் நம்முடையது, கூரையும் நம்முடையது. எனக்கு ஆட்சேபணை இல்லை, மேடம்."

மேடம் யோசித்த அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் வேண்டாத சாமி இல்லை. பிறகு சொன்னார்: "மேசை எங்கே?"

மேசை நானா கடையிலிருந்து வந்தது. மார்பிள் மேசை, தே தாரேக் வட்டம் ஒன்று துடைத்தும் போகவில்லை. அதன் மேல் என்சிக் ரம்லி புத்தகத்தை வைத்தார். பாக் டின் பட்டாளத்துக் குரலில் மோட்டார்களை ஒதுக்கினார். ஒரு பக்கம் மோட்டார்கள், ஒரு பக்கம் வரிசையில் நின்ற சனம். உள்ளே ஏர்கானில் இருந்தவர்களும் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தார்கள். இரண்டு பேரும் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். குமரேசனுக்குக் குரல் உடைந்துவிட்டது. கலைவாணி கணீரென்று சொன்னாள். வாய்க்கு மூடி போட்டு இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய குரல். காற்று அடித்தது. அவள் தோளை நிமிர்த்திக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

மெய் லிங் அதையெல்லாம் கைப்பேசியில் படம் பிடித்தாள். அழுதாள் என்றுகூடச் சொல்லலாம். கண்ணைத் துடைத்துவிட்டு அடுத்த நொடியே என்சிக் ரம்லியிடம் போய் நின்றாள்.

"என் கார்டையும் இங்கேயே கொடுத்துவிடுங்கள்."

என்சிக் ரம்லி மேடத்தைப் பார்த்தார். மேடம் வானத்தைப் பார்த்தார். கிராணி ஒருவர் கார்டை எடுத்துவர உள்ளே ஓடினார்.

அதோடு முடிந்ததா? வெளியே வேலை நடக்கிறது என்ற செய்தி திங்கட்கிழமைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அரைக்கால் சட்டைக்காரர்கள், ஜப்பான் சிலிப்பர்காரர்கள், தோட்டத்து மண்ணோடு நேரே வந்தவர்கள் எல்லாரும் நானாவின் மார்பிள் மேசைக்கு முன்னால் வரிசை கட்டினார்கள். கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு ஒழுங்காக வந்தவர்களும், உள்ளே நிற்பதைவிட இங்கே சீக்கிரம் முடிகிறது என்று வெளியே வந்து நின்றார்கள். ஹால் காலி. கவுண்டர்க்காரர்கள் உள்ளே ஏர்கானில் குளிரில் உட்கார்ந்திருந்தார்கள், யாரும் வராமல். கொஞ்ச நாளில் மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். வேலை போச்சு என்று நானும் பாக் டின்னும் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு நின்றோம். அவர்கள் மேசையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மக்களைத் தேடி வரும் கவுண்டர், நல்ல புது யோசனை என்று மேடத்தின் கையைக் குலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பலகை மட்டும் அதே இடத்தில் நின்றது. அதைக் கேட்க உள்ளே போகிறவர்கள்தான் இல்லை.

விதியை ஜெயித்துவிட்டோம் என்று நான் சொல்லவில்லை. விதி அங்கேயே இருந்தது. யாருக்கு என்ன உடுப்பு என்று சொல்ல அலுவலகத்துக்கு உரிமை உண்டா என்று இன்றும் என் மகளும் மருமகனும் சாப்பாட்டு மேசையில் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால், வேலை முடிக்க வந்தவரின் தோளையும் முட்டியையும் அளந்துகொண்டிருக்க ஓர் அரசாங்கத்துக்கு நேரம் இருக்கக் கூடாது. ஆனால் நீங்கள் நாளை நிற்கப்போகிற வாசலில் உங்கள் கருத்தை யாரும் கேட்க மாட்டார்கள். பலகை இருக்கும், நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்துங்கள். நிறுத்தினவரை அப்படியே விட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்காதீர்கள், அவ்வளவுதான். வந்த வேலை முடிந்து அவர் வீட்டுக்குப் போகிறாரா என்று பாருங்கள். அதுவரை அவர் நம்முடைய ஆள்.

அந்த வெள்ளிக்கிழமை சாயந்திரம் நடந்த ஒன்றை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. மேடம் வேலை மாறிப் போய்விட்டார், இப்போது சொல்லலாம்.

கவுண்டர் மூடி, எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மேடம் கூப்பிடுகிறார் என்று கிராணி வந்து சொன்னாள். வாசலில் அத்தனை பேர் முன்னால் அவருக்கு யோசனை சொன்னவள் நான். சரி, திட்டு வாங்கத்தான் என்று தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். பாக் டின் என் தோளில் தட்டி, பட்டாளத்தில் அனுப்பிவைப்பதுபோல் அனுப்பிவைத்தார்.

மேடம் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். அவர் மேசை மேல் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். சன்னலைப் பார்த்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அக்கா, காலையில வந்துச்சே அந்தப் பொண்ணு."

"ஆமா மேடம். மன்னிச்சுக்குங்க, நான் நடுவில பேசியிருக்கக் கூடாது."

"அது இல்ல. அந்த ரவிக்கை." நிறுத்தினார். "பின்பக்கம் தையல் பார்த்தீங்களா, என்ன நேர்த்தி. எங்க தைச்சாளாம், கேட்டீங்களா?"

கேட்டிருந்தேன். பெண்கள் என்றால் கேட்காமல் இருப்போமா? "புந்தோங்லதான் மேடம். எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு அக்கா. வேணும்னா நானே கூட்டிட்டுப் போறேன்."

"ஞாயித்துக்கிழமை இருப்பாங்களா?"

"இருப்பாங்க."

"எனக்கு இல்ல" என்றார் மேடம் அவசரமாக. "என் தங்கச்சிக்கு."

மழைக்காக வாசலில் ஒதுங்கி நின்ற அன்று மேடம் தன் குடும்பத்தைப் பற்றியும் சொல்லியிருந்தார்: மூன்று அண்ணன்மாருக்குப் பிறகு ஒரே பெண், கடைக்குட்டி. எனக்கு நாக்கு நுனிவரை ஒரு கேள்வி வந்தது. நான் இத்தனை காலம் ஜாகா வேலை பார்த்தவள். அதை வாசலிலேயே நிறுத்திவிட்டேன்.